மடவார் வளாகமா, விளாகமா? டிராப் டவுன் லிஸ்ட்டின் முன்கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எக்செல் பத்திப் பேசப்போறோம். ஓடிடாதீங்க. ஃபார்முலா கிளாஸ் எடுக்கப் போறதில்ல. எக்செல்ல ஒரு கட்டத்தைத் தொட்டா சின்னதா ஒரு அம்புக்குறி வரும், அதை அமுக்கினா ஒரு பட்டியல் கீழ இறங்கும், அதுல இருந்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். டிராப் டவுன். அந்தச் சின்ன அம்புக்குறிக்குப் பின்னாடி கிட்டத்தட்ட இருநூறு வருஷக் கதை இருக்கு. அது இல்லாததால நம்ம நாட்டுல ஒரு பெரிய கணக்கெடுப்பே முடங்கிப் போச்சு. அங்க வரைக்கும் போவோம். ஆனா தொடங்கறது ஸ்ரீவில்லிபுத்தூர்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல மடவார் வளாகம்னு ஒரு பகுதி இருக்கு. வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கற இடம். திருமலை நாயக்கருக்கு வயித்து வலி தீர்ந்த தலம்னு கதை சொல்லுவாங்க. ஆண்டாள் கோயில் பார்க்கப் போறவங்க பாதிப் பேரு இந்தக் கோயிலைத் தவற விட்டுடுவாங்க, விடாதீங்க. நம்ம விஷயம் அந்தப் பேருதான். நிறைய பேர் 'மடவார் வளாகம்'னு எழுதுவாங்க. கோயில் பத்தின புத்தகங்கள்ல 'மடவார் விளாகம்'னு இருக்கும். சிலர் ரெண்டையும் சேர்த்து 'மடவார்விளாகம்'னு ஒரே சொல்லா எழுதுவாங்க. விளாகம்னா சூழ்ந்திருக்கற இடம். கோயிலைச் சுத்தின தெருக்களுக்கு மடவிளாகம்னு பேர் இருக்கறதை கும்பகோணம் பக்கம் நிறைய பார்க்கலாம். வளாகம்ங்கறதும் பழைய சொல்லுதான், பொருளும் பக்கத்துலதான் வரும். ஆனா இன்னைக்கு நமக்கு வளாகம்னா கல்லூரி வளாகம், கலெக்டர் ஆபீஸ் வளாகம். அதனால காதுக்குப் பழகின சொல் எழுத்துல ஏறிக்கிச்சு. ரெண்டுல எதையும் தப்புன்னு சொல்ல நான் தயாரா இல்ல. மனுஷங்களுக்கு ரெண்டும் ஒரே இடம்தான். ஆட்டோக்காரர்கிட்ட எப்படிச் சொன்னாலும் சரியா கொண்டுபோய் விடுவார்.

எக்செல் விடாது.

ஒரு ஊர், பன்னிரண்டு ஊர்

ஒரு மருத்துவ முகாம்னு வச்சுக்குவோம். நாலு தன்னார்வலர்கள், நாலு லேப்டாப், ஒரே கூகுள் ஷீட். 'ஊர்'னு ஒரு காலம். வந்தவங்க எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க. ஒருத்தர் 'ஸ்ரீவில்லிபுத்தூர்'னு அடிக்கிறார். இன்னொருத்தருக்குத் தனித்தமிழ்ப் பற்று, 'திருவில்லிபுத்தூர்'. மூணாவது ஆள் நடுவுல ஒரு இடைவெளி விடுறார், 'ஸ்ரீ வில்லிபுத்தூர்'. நாலாவது ஆள் உள்ளூர்ப் பையன், 'ஸ்ரீவி'ன்னு முடிச்சுட்டான். சாயங்காலம் எண்ணிப் பார்த்தா நாலு ஊர்ல இருந்து ஆள் வந்திருக்காங்க.

இது கண்ணுக்குத் தெரியற வித்தியாசம், சரி பண்ணிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது. 'ஸ்ரீ'ங்கற எழுத்தைக் கம்ப்யூட்டர் ரெண்டு விதமா சேமிக்க முடியும். ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறின்னு ஒரு வழி. இன்னொண்ணு, ஸவுக்குப் பதிலா ஶ. இந்த ஶ யூனிகோடுக்குள்ள வந்ததே 2005லதான். அதுக்கப்புறம் 'ஸ்ரீ'க்கு அதுதான் முறையான வழின்னு ஆச்சு, ஆனா பழைய வழியும் புழக்கத்துல தங்கிடுச்சு. பெரும்பாலான எழுத்துருக்கள்ல ரெண்டும் திரையில ஒரே மாதிரிதான் தெரியும். நீங்க பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஷீட்டுக்கு மட்டும் அது வேற, இது வேற.

அதே மாதிரி 'தூ'. சிலர் 'து' போட்டு பக்கத்துல ஒரு துணைக்கால் சேர்த்து 'துா'ன்னு அடிப்பாங்க. அச்சுல, இணையத்துல கவனிச்சா நிறைய கண்ணுல படும். கணக்குப் போடுங்க: முன்னாடி ரெண்டு வகை ஸ்ரீ, ஒரு திரு, ஆக மூணு. இடைவெளி விட்டு, விடாம, ரெண்டு. தூ ரெண்டு வகை. மூணு ரெண்டு ஆறு, ஆறு ரெண்டு பன்னிரண்டு. தமிழ்ல மட்டும், எழுத்துப் பிழையே இல்லாம, ஒரே ஊருக்குப் பன்னிரண்டு பேர். 'ஸ்ரீவி'யைச் சேர்க்காமலே.

ஆங்கிலத்துக்குப் போனா இன்னும் கூத்து. ரயில்வே ஸ்டேஷன் பலகையில 'புத்தூர்' ரெண்டு டி போட்டு இருக்கு. 2019ல பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்பவும் அதே ரெண்டு டி. 2021ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்கு டி, எச். அதாவது பால்கோவா ஒரு ஊர்ல, புலி இன்னொரு ஊர்ல. தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கற கோபுரம் எங்க ஊர்க் கோபுரம்தான்னு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க பெருமையா சொல்லுவாங்க. அப்படிப் பார்த்தா, எல்லா அரசுக் காகிதத்தோட தலையிலயும் ஏறி உட்கார்ந்திருக்கற ஊருக்கு, அந்தக் காகிதத்துக்குள்ள எந்த ஸ்பெல்லிங்னு முடிவாகல. பக்கத்துல வத்திராயிருப்பு இருக்கு. அதை ஆங்கிலத்துல 'வாட்ராப்'னு எழுதுவாங்க. இந்த ரெண்டும் ஒரே ஊர்னு சென்னையில உட்கார்ந்து டைப் பண்றவருக்கு எப்படித் தெரியும்?

அரசாங்கமே ஒருமுறை இதை ஒரே அடியில சரி பண்ணப் பார்த்துச்சு. 2020ல, தமிழ்நாட்டுல 1,018 ஊர்களோட ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி ஒரு அரசாணை வந்துச்சு. ஜூன் மாசம் அது வெளிய தெரிஞ்சதும் ஒரே சண்டை. வேலூருக்குப் போட்ட புது ஸ்பெல்லிங்கைப் படிச்சா 'வீலூர்'னு வந்துச்சு. சில நாள்லயே அதைத் திரும்ப வாங்கிட்டாங்க. நோக்கம் நல்லதுதான். ஆனா ஒரு பட்டியலைச் சரி பண்ண ஒரு கமிட்டி அறை பத்தாது, அந்த ஊர்ல டீக்கடை வச்சிருக்கறவர்கிட்டயும் கேக்கணும்னு அப்போ புரிஞ்சுது.

நோய்க்குப் பேர் வச்ச கதை

கொஞ்சம் பின்னாடி போவோம். லண்டன், 1839. இங்கிலாந்துல பிறப்பு இறப்புப் பதிவு அப்பதான் தொடங்கியிருக்கு. வில்லியம் ஃபார்னு ஒருத்தர் சாவுக்கான காரணங்களை எண்ண உட்கார்றார். எண்ண முடியல. டாக்டர்கள் ஒரே நோய்க்கு மூணு நாலு பேர் எழுதறாங்க, ஒரே பேரை வேற வேற நோய்க்கும் எழுதறாங்க. எந்த நோய் அதிகம் கொல்லுதுன்னு தெரியாம எதைத் தடுக்கறது? எல்லாரும் ஒரே பட்டியல்ல இருந்து எழுதணும்னு அவர் வாதாடினார். ஐம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு, 1893ல, பெர்ட்டியோன்ங்கற பிரெஞ்சு புள்ளியியலாளர் அப்படி ஒரு சர்வதேசப் பட்டியலைக் கொண்டுவந்தார். இன்னைக்கு உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள்ல பயன்படுத்தற நோய்க் குறியீடுகள் அதோட வாரிசுதான்.

அதே காலத்துல அமெரிக்காவுல ஹெர்மன் ஹொலரித். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவர் ஒரு அட்டை செஞ்சார். அட்டையில ஒரு குறிப்பிட்ட இடத்துல ஓட்டை போட்டா ஆண், இன்னொரு இடத்துல போட்டா பெண். ஓட்டைக்கு ஸ்பெல்லிங் கிடையாது பாருங்க. ஓட்டை போடத் தயாரா இருக்கற இடங்கள்தான் பட்டியல், அதுக்கு வெளிய எதையும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டா முதல் டிராப் டவுன் அந்த அட்டைதான். அம்புக்குறி மட்டும் இல்ல.

இந்தியாவுல மெஷின் வரல, மனுஷங்க இருந்தாங்க. 1901 கணக்கெடுப்புல ஒரு ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டுன்னு ஒரு முறை வந்துச்சு. பவேரியாவுல கண்டுபிடிச்சது. மதத்துக்கு ஏத்த மாதிரி சீட்டோட நிறம் மாறும். குமாஸ்தாக்கள் சீட்டைப் பிரிச்சுப் பிரிச்சு அடுக்குவாங்க. இதுல ஒரு விஷயம் இருக்கு. ஒரே சாதிப் பேர் ரெண்டு விதமா எழுதியிருந்தாலும், அடுக்கறவருக்கு அது ஒண்ணுதான்னு தெரிஞ்சா ஒரே அடுக்குல வச்சுடுவார். அந்த மேஜையில ஒரு மனுஷ மூளை இருந்துச்சு. அது தப்பும் பண்ணும், ஆணவமும் பண்ணும், யார் உசத்தி யார் தாழ்த்தின்னு வரிசை போட்ட வெள்ளைக்கார அதிகாரியோட கதையெல்லாம் தனி எபிசோட். இருந்தாலும் இருந்துச்சு.

ஸ்ப்ரெட்ஷீட் வந்தப்போ அந்த மேஜை காணாமப் போச்சு. 1979ல விசிகால்க், 1983ல லோட்டஸ், 1985ல எக்செல். எல்லாமே எண்களுக்காகச் செஞ்சது. ஆனா ஜனங்க அதை நோட்டுப் புத்தகமா பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. பேரு, ஊரு, போன் நம்பர். எதை வேணா எழுதலாம், யாரும் கேக்க மாட்டாங்க. எக்செல் 97லதான் டேட்டா வேலிடேஷன்ங்கற வசதி வந்துச்சு. 'இந்தக் கட்டத்துல இந்தப் பட்டியல்ல இருக்கறதை மட்டும்தான் எழுதலாம்'னு சொல்ற வசதி. எக்செல் பிறந்து 12 வருஷம் கழிச்சு.

46 லட்சம்

இப்போ அந்தப் பெரிய கதை.

சாதிகளை முழுசா எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931. அதுல மொத்தம் 4,147 சாதிகள். எண்பது வருஷம் கழிச்சு, 2011ல, சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு நடந்துச்சு. டேப்லெட் கணினியெல்லாம் தூக்கிட்டு வீடு வீடா போனாங்க. ஆனா சாதிக்குன்னு முன்கூட்டியே ஒரு பட்டியல் கையில இல்ல. குறியீடு இல்ல. சொன்னதைச் சொன்னபடி பதிவு பண்ணாங்க.

முடிவு என்ன தெரியுமா? 46 லட்சத்துக்கு மேல 'சாதிகள்'. 4,147 எங்க, 46 லட்சம் எங்க. சாதி, உட்சாதி, கோத்திரம், குலப்பேர், குடும்பப் பேர், பட்டப் பேர் எல்லாம் ஒரே காலத்துல. ஒரே பேருக்கு வேற வேற ஸ்பெல்லிங். கேரளாவுல மலபார் மாப்பிளைங்கற ஒரே சொல் 40 விதமா எழுதப்பட்டு 40 சாதியா நின்னுச்சுன்னு 2021ல மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துல சொல்லுச்சு. 2015லயே சாதி விவரங்கள்ல 8 கோடிக்கும் மேல பிழைகள் கண்டுபிடிச்சதா அரசு சொல்லியிருந்துச்சு. பொருளாதார விவரங்கள் வெளிய வந்துச்சு. சாதி விவரம் இன்னைக்கு வரைக்கும் வரல.

'வெளியிடாததுக்குக் காரணம் ஸ்பெல்லிங் மட்டும்தானா, அரசியல் இல்லையா'ன்னு நீங்க கேக்கலாம். கேக்கணும். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனா அந்த டேட்டா சுத்தமா இருந்திருந்தா, 'பயன்படுத்த முடியாத அளவுக்குப் பிழை'ன்னு சொல்ற வழி யாருக்கும் இருந்திருக்காது. அழுக்கு டேட்டா ஒரு நல்ல பூட்டு.

அப்போ ஒரு பட்டியல் போட்டுட்டா முடிஞ்சுதா? இல்ல. அங்கதான் இன்னொரு வலி தொடங்குது.

பிஹார்ல 2023ல மாநில அரசு சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்துச்சு. 2011ல நடந்ததைப் பார்த்துப் பாடம் படிச்சவங்க. 215 குறியீடு உள்ள ஒரு பட்டியல் தயார் பண்ணி, அதுல இருந்துதான் தேர்ந்தெடுக்கணும்னு சொன்னாங்க. அந்தப் பட்டியல்ல 22ஆம் எண் என்ன தெரியுமா? திருநர்கள். ஒரு பாலினத்தைச் சாதிப் பட்டியல்ல ஒரு வரியா போட்டுட்டாங்க. 'நாங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு சாதியில பிறந்தவங்க, எங்க எல்லாரையும் ஒரு சாதி ஆக்காதீங்க'ன்னு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாச்சு. டைப் பண்ற கட்டமா இருந்தா அவங்க தங்களோட சாதியை எழுதியிருப்பாங்க. பட்டியல் அந்த வாயை அடைச்சுடுச்சு.

அரசியலமைப்புச் சட்டத்தோட பட்டியல்களே இப்படித்தான். பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடின்னு குடியரசுத் தலைவர் ஆணையில இருக்கற பேர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கணும். அந்த ஆணையை உள்ளபடிதான் படிக்கணும், விசாரணை பண்ணி இன்னொரு பேரையும் உள்ள சேர்த்துக்க நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லைன்னு 2000ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல சொல்லிடுச்சு. சத்தீஸ்கர்ல பாரியா பூமியான்னு ஒரு பழங்குடி. அவங்களைப் புயின்யா, புயியான், புயான்னும் எழுதுவாங்க. சான்றிதழ்ல ஸ்பெல்லிங் ஒத்துப்போகாததால சலுகை கிடைக்காம இருந்து, கடைசியில 2023ல பாராளுமன்றம் சட்டம் திருத்தி அந்த வேற ஸ்பெல்லிங்குகளையும் பட்டியல்ல சேர்த்துச்சு. ஒரு டிராப் டவுன்ல மூணு வரி சேர்க்க ஒரு பாராளுமன்றம். நம்ம ஊர்ல நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கலாம்னு லோகூர் குழு சொன்னது 1965ல. சட்டம் நிறைவேறினது 2022 டிசம்பர்ல. 57 வருஷம். ரெண்டு தலைமுறை 'மேலே எதுவும் இல்லை'ங்கற வரியில உட்கார்ந்திருந்தாங்க.

பட்டியலுக்கும் வயசாகும்

மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம், ஏன்னா இன்னொரு சிக்கல் இங்க அழகா தெரியும். உங்க ஷீட்ல 'மாவட்டம்'னு ஒரு காலம். ஊர் நகரவே இல்ல. ஆனா 1910 வரைக்கும் அது திருநெல்வேலி மாவட்டம். அந்த வருஷம் ராமநாதபுரம் மாவட்டம் உருவாச்சு, அதுக்குப் போச்சு. 1985ல ராமநாதபுரத்தை மூணாப் பிரிச்சப்போ காமராஜர் மாவட்டம். 1997ல தலைவர்கள் பேரை மாவட்டங்கள்ல இருந்து எடுத்தாங்க, விருதுநகர் மாவட்டம் ஆச்சு. 1909ல பிறந்த ஒருத்தர் தொண்ணூறு வயசு வரைக்கும் அதே தெருவுல இருந்திருந்தா, நாலு மாவட்டத்துல வாழ்ந்திருப்பார். இன்னைய 38 மாவட்டம் மட்டும் இருக்கற டிராப் டவுன்ல, அவரோட பழைய பத்திரத்தை எப்படி ஏத்துவீங்க? ரோடுக்கும் இதே கதி. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியா போற திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை முன்னாடி 208, இப்போ 744.

இதுக்கு அழகான விடை கண்டுபிடிச்சது தபால்காரங்கதான். 1972 ஆகஸ்ட் 15, பின்கோடு வந்த நாள். அதைக் கொண்டுவந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஒரு சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பேர்ல எத்தனையோ ஊர், எத்தனையோ மொழி, எத்தனையோ கையெழுத்து. அவங்க பேரைத் திருத்தப் போகல. உன் ஊர்ப் பேரை உன் இஷ்டத்துக்கு எழுதிக்கோ, பக்கத்துல ஆறு இலக்கம் மட்டும் போட்டுடுன்னாங்க. 626125னு போட்டா ஸ்ரீவில்லிபுத்தூர். முன்னாடி ஸ்ரீ போட்டாலும் திரு போட்டாலும் கடிதம் வந்து சேரும். 626117 ராஜபாளையம், முன்னாடி இ போட்டாலும் போடாட்டியும். புதுப்பட்டின்னு பத்து ஊர் இருக்கும்போது வத்திராயிருப்புப் பக்கத்துல இருக்கறதுக்கு வ.புதுப்பட்டின்னு இனிஷியல் போட்டாங்களே நம்ம ஆளுங்க, அதுவும் இதே யோசனைதான்.

சரி, நாளைக்கு நீங்க ஒரு ஷீட் திறக்கறீங்க. டேட்டா மெனு, டேட்டா வேலிடேஷன், லிஸ்ட். பட்டியலை அந்த இடத்துலயே டைப் பண்ணாதீங்க, தனி ஷீட்ல வைங்க. ரெண்டு மூணு காலமா வைங்க: ஒரு எண், ஒரு நிலையான பேரு, மக்கள் சொல்ற மத்த பேர்கள். பட்டியல்ல இல்லாததை எழுதினா மறுக்கணுமா, எச்சரிக்கை மட்டும் பண்ணணுமான்னு அது கேக்கும். ஊர், மாவட்டம்னா மறுக்கச் சொல்லுங்க. ஒரு மனுஷன் தன்னைப் பத்திச் சொல்ற விஷயம்னா, எச்சரிக்கை போதும், பக்கத்துல திறந்த ஒரு கட்டமும் விடுங்க. 'மற்றவை'ங்கற வரியில கூட்டம் சேர்ந்தா பட்டியல்ல ஏதோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம், வாரத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்க. இன்னொண்ணு, வேற இடத்துல இருந்து காப்பி பண்ணி ஒட்டினா எக்செல்ல அந்தக் காவல் வேலை செய்யாது. முன்னாடியே உள்ள இருக்கற தப்பையும் அது தானா வெளிய தள்ளாது.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல சாதியும் கேக்கப்போறாங்கன்னு 2025 ஏப்ரல்ல மத்திய அரசு அறிவிச்சுது. இந்த முறை செல்போன் செயலியில. உங்க வீட்டுக்கு வர்றவர் பெரும்பாலும் ஒரு ஸ்கூல் டீச்சரா இருப்பார். அவர் கையில இருக்கற திரையில உங்க பதில் ஒரு பட்டியல்ல இருந்து வருதா, டைப் பண்றாரா, என்ன எழுதினார்னு கேட்டு ஒருமுறை திரையைப் பாருங்க. வீட்டுல பாட்டி தாத்தா இருந்தா அவங்களையும் பக்கத்துல உட்கார வைங்க. எந்தப் பேரை எந்தக் காகிதத்துல எழுதியிருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

மடவார் வளாகத்தை நான் என் ஷீட்ல எப்படிப் போட்டேன்னா, நிலையான பேர் 'மடவார் விளாகம்', மத்த பேர் காலத்துல 'வளாகம்'. ஊர்க்காரங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, மாத்திப் போடணுமான்னு எழுதுங்க.